கருப்புத் திரையைக் கண்டு ஏன் நடுங்குகிறாய்?

'பெர்மிஷன் டினைட்' என்று திரையில் வந்த அடுத்த நொடி உன் கை ஏன் கீபோர்டை விட்டுவிட்டுப் போனைத் தேடுகிறது? உள்ளே வர அனுமதி இல்லை என்று சொன்னது ஒரு மென்பொருள். 'நான் இந்த வேலைக்கே லாயக்கில்லை' என்று முடிவு கட்டியது யார்? நீதானே! அந்தத் தீர்ப்பை எழுத உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்காகவும் தங்கைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். ஊர்ப் பக்கத்துக் கல்லூரியில் படித்து முடித்து, சப்போர்ட் டீமில் சேர்ந்து, ஊர் தூங்கும் நேரத்தில் யாருடைய சர்வரையோ காவல் காக்கிற பிள்ளைகள் நீங்கள். உங்களில் பலரை நான் பார்த்திருக்கிறேன். உழைப்புக்குக் குறைவில்லை, மூளைக்கும் குறைவில்லை. ஆனால் தூரத்து மெஷினுக்குள் லாகின் ஆகவில்லை என்றதும் முகம் வெளிறிவிடுகிறது. ரிமோட் டெஸ்க்டாப் திறந்ததும் படம் வராமல் கருப்பாக நின்றால், 'எனக்கு லினக்ஸ் வராது சார்' என்று கைகழுவி விடுகிறீர்கள். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் பொங்குகிறது. லினக்ஸ் யாருக்கும் பிறவியிலேயே வந்ததில்லை!

'எர்ரர் எல்லாம் ஆங்கிலத்தில் வருகிறது, நான் தமிழ் மீடியம்' என்று இன்னொரு சாக்கு. கேள். 1991-ல் லினக்ஸை எழுதத் தொடங்கியபோது லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் 21 வயது மாணவர். அவர் வீட்டில் பேசிய மொழி ஸ்வீடிஷ். நீ தினமும் உள்ளே நுழையப் பயன்படுத்தும் எஸ்எஸ்ஹெச்சை 1995-ல் எழுதியவர் டாட்டு யுலோனென், பின்லாந்துக்காரர். பின்னாளில் அது ஓப்பன் எஸ்எஸ்ஹெச் என்ற திறமூல வடிவத்தில் வளர்ந்தபோது அதற்குத் தோள் கொடுத்தவர்களில் மார்க்கஸ் ஃப்ரீடல், நீல்ஸ் ப்ரோவோஸ் இருவரும் ஜெர்மானியர்கள். இவர்களில் யாருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. எர்ரர் வரியில் இருப்பது பத்துப் பதினைந்து சொற்கள். பெரும்பாலும் அதே சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். ஒரு மாதம் கவனித்துப் படித்தால் அவை உன் சொற்கள் ஆகிவிடும். பயம்தான் அவற்றை அந்நியமாகவே வைத்திருக்கிறது.

யுலோனென் எஸ்எஸ்ஹெச்சை ஏன் எழுதினார் என்பது உனக்குத் தெரிய வேண்டும். அவர் ஆய்வாளராக இருந்த ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ ஒட்டுக்கேட்கும் நிரல் ஒன்றை நுழைத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் டெல்நெட்டில் லாகின் செய்தால் பாஸ்வேர்டு அப்படியே வெற்றெழுத்தாகக் கம்பியில் ஓடும். ஆயிரக்கணக்கான பெயர்களும் பாஸ்வேர்டுகளும் களவு போயின. நம்மில் எத்தனை பேர் அந்த இடத்தில் 'மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று சொல்லியிருப்போம்? அவர் உட்கார்ந்து எழுதினார். சில மாதங்களில், 1995 ஜூலையில், உலகத்துக்கு இலவசமாக வெளியிட்டார். எஃப்டிபிக்கு 21-ஆம் போர்ட், டெல்நெட்டுக்கு 23. இரண்டுக்கும் மாற்றாக வரப்போகும் தன் படைப்புக்கு நடுவில் காலியாக இருந்த 22 வேண்டும் என்று, போர்ட் எண்களை ஒதுக்கும் அமைப்புக்கு ஒரு மின்னஞ்சல் போட்டார். மறுநாளே கிடைத்தது! சிபாரிசுக் கடிதம் இல்லை, பெரிய கம்பெனியின் பெயர் இல்லை. வேண்டியதைத் தெளிவாகக் கேட்டார், அவ்வளவுதான். இன்று உலகத்தின் பெரும்பாலான லினக்ஸ் சர்வர்கள் அந்த 22-இல்தான் காத்திருக்கின்றன.

அப்படிப்பட்ட ஒருவர் கட்டிய பாதையில் நடக்கும் நீ, அது ஒரு முறை 'இல்லை' என்று சொன்னதும் திரும்பி ஓடலாமா?

முதலில் அது என்ன சொல்கிறது என்று படி. அதே கட்டளையை நாலு முறை, ஒவ்வொரு முறையும் இன்னும் வேகமாக அடிப்பதால் ஒரு பயனும் இல்லை. 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' என்பதும் 'கனெக்ஷன் டைம்டு அவுட்' என்பதும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு தடுமாறுகிறவர்கள் எத்தனை பேர்! ஒரு வீட்டின் கதவைத் தட்டுகிறாய். உள்ளேயிருந்து 'நீங்கள் தேடும் ஆள் இங்கே இல்லை' என்று குரல் வந்தால் அது ரெஃப்யூஸ்டு. தட்டித் தட்டி ஒரு சத்தமும் வராவிட்டால் அது டைம்டு அவுட். முதலாவதில் பெரும்பாலும் சர்வர் வரை நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். அந்த போர்ட்டில் கேட்பதற்கு எந்தச் சேவையும் ஓடவில்லை, அல்லது போர்ட்டையே யாரோ மாற்றியிருக்கிறார்கள். இரண்டாவதில் உன் அழைப்பு வழியிலேயே மடிகிறது: ஃபயர்வால், கிளவுட்டின் பாதுகாப்பு விதி, தவறான ஐபி, அணைந்து கிடக்கும் மெஷின், இவற்றில் ஒன்று. ஒரே வரியைப் புரிந்து படித்ததில் பாதிக் காடு கடந்துவிட்டாய் பார்த்தாயா? 'பெர்மிஷன் டினைட்' வந்தால் இன்னும் நல்ல செய்தி. நெட்வொர்க் சரி, ஃபயர்வால் சரி, சேவை ஓடுகிறது, அது உன்னிடம் பேசியும்விட்டது. மிச்சமிருப்பது உன் அடையாளத்தை அது ஏற்காததற்கான காரணம் மட்டுமே.

அந்தக் காரணத்தைக் கிளையன்ட் பக்கம் அது முழுதாகச் சொல்லாது. சொல்லவும் கூடாது. கதவுக்கு வெளியே நிற்பது நீயா, திருடனா என்று அதற்கு இன்னும் தெரியாது; காரணத்தை விளக்கினால் திருடனுக்குப் பாடம் எடுத்தது போலாகிவிடும். அதனால் உண்மையான காரணம் சர்வரின் லாகில் எழுதப்பட்டிருக்கும். உபுண்டுவிலும் பழைய டெபியனிலும் ஆத் லாக்; ரெட் ஹேட் குடும்பத்தில் செக்யூர் லாக்; எதிலும் ஜர்னல்சிடிஎல் கொண்டு பார்க்கலாம். சர்வருக்குள்ளேயே போக முடியாதபோது லாகை எப்படிப் பார்ப்பது என்று கேட்பாய். கிளவுட் என்றால் கன்சோல் இருக்கிறது. இல்லையென்றால் உள்ளே இருக்கும் இன்னொருவரிடம் அந்தச் சில வரிகளைக் கேள்.

ஒரு சம்பவத்தை அருகில் போய்ப் பார்ப்போம். இது வாரம் தவறாமல் எங்காவது நடக்கிறது. நேற்றுவரை கீ வைத்து ஒழுங்காக லாகின் ஆன சர்வர் இன்று மறுக்கிறது. கீ மாறவில்லை, பெயர் மாறவில்லை. கிளையன்டில் மைனஸ் வி சேர்த்து இயக்கினால் (மூன்று வி வரை போடலாம், ஒவ்வொன்றுக்கும் விவரம் கூடும்) உன் கீயை எடுத்துக்கொடுத்தது வரை தெரிகிறது. அதற்குப் பிறகு மறுப்பு. சர்வர் லாகைத் திறந்தால் ஒரு வரி: 'ஆதென்டிகேஷன் ரெஃப்யூஸ்டு: பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ் ஃபார் டைரக்டரி', அதற்குப் பின்னால் அந்தப் பயனரின் ஹோம் டைரக்டரியின் பெயர். நடந்தது இதுதான்: ஏதோ ஒரு அப்ளிகேஷன் ஃபைலைப் படிக்க முடியவில்லை என்று, யாரோ அவசரத்தில் ஹோம் முழுவதற்கும் 777 கொடுத்துவிட்டார்கள். எல்லோரும் எழுதலாம் என்று திறந்துவிட்ட டைரக்டரிக்குள் இருக்கும் கீ பட்டியலை எஸ்எஸ்ஹெச் நம்பாது. யார் வேண்டுமானாலும் அங்கே தன் கீயைச் சேர்த்திருக்கலாமே! ஹோமை 755 அல்லது 700 ஆக்கு, உள்ளே இருக்கும் டாட் எஸ்எஸ்ஹெச் டைரக்டரியை 700, ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைலை 600 ஆக்கு. மூன்று கட்டளை. லாகின் ஆகிவிடும்.

இங்கே கொஞ்சம் நில். அந்த 777-ஐப் போட்ட கை யாருடையது? பயந்த கை. எது தடுக்கிறது என்று தேடிப் பார்க்கத் துணிவில்லாமல் எல்லாவற்றையும் திறந்துவிட்டால் போதும் என்று நினைத்த கை. எஸ்இலினக்ஸ் தொந்தரவு என்று அதை அணைத்துவிடுவது, ரூட்டுக்குப் பாஸ்வேர்டு லாகினைத் திறந்துவிடுவது, விஎன்சி போர்ட்டை உலகத்துக்கே காட்டி வைப்பது எல்லாம் அந்தப் பயத்தின் வேலை. இணையத்தில் திறந்து கிடக்கும் 22-ஆம் போர்ட்டைத் தானியங்கி நிரல்கள் இரவு பகலாகத் தட்டிக்கொண்டே இருக்கின்றன. எந்தப் பொது சர்வரின் லாகைத் திறந்தாலும் அந்த வரிசையைப் பார்க்கலாம். நீ பயத்தில் விட்ட ஓட்டைக்கு வெளியே அவை ஏற்கெனவே நிற்கின்றன. தைரியம் என்றால் அடித்து நொறுக்குவது என்று எண்ணிவிடாதே. எது தடுக்கிறதோ அந்த ஒன்றை மட்டும் கண்டுபிடித்து, அந்த ஒன்றை மட்டும் சரிசெய்கிற பொறுமைக்குத்தான் நான் தைரியம் என்று பெயர் வைப்பேன்.

சர்வரின் எஸ்எஸ்ஹெச் அமைப்பைத் திருத்தப்போகிறாயா? எஸ்எஸ்ஹெச்டி மைனஸ் டி (சின்ன t) என்று சோதித்துப் பார். எழுத்துப் பிழை இருந்தால் அதுவே சொல்லிவிடும். ஏற்கெனவே திறந்திருக்கும் ஒரு செஷனை மூடாமல் வைத்துக்கொண்டு, சேவையை மறுபடி தொடங்கி, புதிய விண்டோவில் நுழைந்து பார். புதியதில் நுழைய முடிந்த பிறகே பழையதை மூடு. இந்த ஒரு பழக்கம் உள்ளவன் கை நடுங்காமல் வேலை செய்வான். திரும்பி வர வழி உண்டென்று அவனுக்குத் தெரியும்.

இனி அந்தக் கருப்புத் திரைக்கு வருவோம். எக்ஸ்ஆர்டிபி என்ற ரிமோட் டெஸ்க்டாப் சேவை வழியாக உபுண்டுவுக்குள் போகிறாய். பெயர், பாஸ்வேர்டு ஏற்றுக்கொண்டது. பிறகு கருப்பு. சில நொடியில் இணைப்பே அறுந்தும் போகலாம். பாஸ்வேர்டை மாற்றாதே, ரீஇன்ஸ்டால் செய்யாதே! அதே பயனர் அந்த மெஷினின் சொந்த மானிட்டரில் ஏற்கெனவே லாகின் ஆகி இருக்கிறாரா என்று பார். ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு டெஸ்க்டாப் கேட்டால் பல நேரங்களில் இப்படித்தான் முட்டிக்கொள்ளும். அங்கே லாக் அவுட் செய்ததும் இங்கே படம் வந்துவிடும். இல்லையா? எக்ஸ்ஆர்டிபி செஸ்மேன் லாகையும் ஹோமில் இருக்கும் எக்ஸ்செஷன் எர்ரர்ஸ் ஃபைலையும் திற. டிஸ்க் நிரம்பியிருக்கிறதா என்று டிஎஃப் போட்டுப் பார். ஹோமில் ஒரு சின்னஞ்சிறு ஃபைல் எழுதக்கூட இடம் இல்லாவிட்டால் டெஸ்க்டாப் தொடங்க முடியாமல் திரும்பத் திரும்ப லாகின் திரைக்கே தள்ளும். பாஸ்வேர்டு தவறு என்று நினைத்து மணிக்கணக்கில் மல்லுக்கட்டிய பலருடைய உண்மையான எதிரி நிரம்பி வழிந்த டிஸ்க்தான்.

விஎன்சி சாம்பல் நிறத்தில் நிற்கிறதா? சேவை ஓடுகிறது, டெஸ்க்டாப்பைத் தொடங்க வேண்டிய எக்ஸ்ஸ்டார்ட்அப் ஃபைலுக்கு இயக்கும் அனுமதி இல்லை, அல்லது டெஸ்க்டாப்பே அந்த சர்வரில் நிறுவப்படவில்லை. நீளமான பாஸ்வேர்டு வைத்திருக்கிறேன் என்று நிம்மதியாக இருக்கிறாயா? விஎன்சியின் பழைய முறை முதல் 8 எழுத்துகளை மட்டுமே கணக்கில் எடுக்கும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், ஒலிவெட்டியின் ஆய்வுக்கூடத்தில் பிறந்த அருமையான கருவி அது. பழைய முறையில் அதன் திரைக்காட்சி மறைக்கப்படாமலே கம்பியில் போகும். அதனால் அதை சர்வரின் லோக்கல் ஹோஸ்டில் மட்டும் கேட்கவிட்டு, எஸ்எஸ்ஹெச் சுரங்கத்தின் வழியாக 5901-ஐ உன் மெஷினுக்குக் கொண்டு வா. யுலோனென் 1995-ல் அடைத்த ஓட்டையை நீ மறுபடி திறக்காதே.

ஒரு விஷயம் பலரைத் தேவையில்லாமல் காயப்படுத்துகிறது. பழைய வழிகாட்டியைப் பார்த்து எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் திரை வரவில்லை. 'எனக்கு மட்டும் ஏன்?' என்று மனம் உடைகிறார்கள். காரணம் இதுதான்: எக்ஸ்11 என்பது திரையில் விண்டோக்களைக் காட்ட 1987-ல் எம்ஐடியில் உருவான ஏற்பாடு. அதில் ஒரு நிரல் முழுத் திரையையும் பார்க்கலாம். அதற்கு மாற்றாக 2008-ல் தொடங்கிய வேலண்ட், ஒரு நிரல் இன்னொன்றின் திரையை எட்டிப்பார்க்க விடாது. பாதுகாப்புக்காகத் தெரிந்தேதான் அப்படி அமைத்தார்கள். ஆகவே எக்ஸ்11 காலத்து ரிமோட் கருவிகள் பல வேலண்ட் செஷனில் வேலை செய்யாது. உன் செஷன் எது என்று எக்ஸ்டிஜி செஷன் டைப் என்ற மாறியைக் கேட்டால் ஒரு சொல்லில் பதில் வரும். வேலண்ட் என்று வந்தால் க்னோமின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப்பைப் பயன்படுத்து, அல்லது லாகின் திரையில் எக்ஸ்11 செஷன் இருந்தால் அதைத் தேர்ந்தெடு. உன் மேல் ஒரு குறையும் இருந்ததில்லை. காலம் மாறியது, வழிகாட்டி மாறவில்லை.

இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு எண்ணைச் சரியாக அடித்தும் மறுக்கிறதா? அந்த எண் பொதுவாக 30 நொடிக்கு ஒரு முறை நேரத்தை வைத்துப் பிறக்கிறது. சர்வரின் கடிகாரம் சில நிமிடம் ஓடிப்போயிருந்தால் சரியான எண்ணும் தவறாகிவிடும். கடிகாரத்தைப் பார்.

இப்போது உனக்கு ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியவரே அவர்தான். பெயர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸை உருவாக்குவோரில் ஒருவர், அப்போது மைக்ரோசாஃப்டில் பொறியாளர். 2024-ன் தொடக்கத்தில் அவர் தன் டேட்டாபேஸின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். சோதனை மெஷின் அமைதியாக இருக்க வேண்டிய நேரத்தில் எஸ்எஸ்ஹெச் ஏனோ அதிகமாகச் சிபியூவைத் தின்றது. லாகினை அளந்தார். சுமார் 0.3 நொடியில் முடிய வேண்டியது 0.8 நொடி எடுத்தது. வித்தியாசம் அரை நொடி! நீயும் நானும் கொட்டாவி விட்டுக் கடந்து போயிருப்போம். அவர் போகவில்லை. சில வாரங்களுக்கு முன்பு நினைவகச் சோதனைக் கருவி ஒன்று காட்டிய விநோதமான புகாரும் அவருக்கு நினைவுக்கு வந்தது. நூல் பிடித்துக்கொண்டே போனார்.

போய் நின்ற இடம் எக்ஸ்இசட் என்ற, ஃபைல்களைச் சுருக்கும் சாதாரண மென்பொருள். எஸ்எஸ்ஹெச் அதை நேரடியாகக் கூப்பிடுவதே இல்லை. சில லினக்ஸ் விநியோகங்கள் சிஸ்டம்டிக்காகச் செய்திருந்த ஒட்டு வேலை வழியாக அது உள்ளே வந்திருந்தது. அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு ரகசிய வாசலை ஒளித்து வைத்திருந்தார்கள். அதற்குரிய தனிச் சாவி வைத்திருப்பவன் லாகின் ஆகாமலே சர்வரில் தன் கட்டளையை ஓட்டலாம். ஜியா டான் என்ற பெயரில் இயங்கிய யாரோ, 2021-லிருந்து பொறுமையாக வேலை செய்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, பராமரிப்பாளர் இடத்துக்கு வந்து செய்த சதி அது. 2024 மார்ச் 29 அன்று ஃப்ராயிண்ட் உலகத்துக்கு எச்சரிக்கை விட்டார். டெபியனின் சோதனைப் பதிப்பு, ஃபெடோராவின் முன்னோட்டப் பதிப்பு போன்றவை வரை வந்திருந்த அந்த நஞ்சு, கோடிக்கணக்கான சர்வர்களுக்குப் பரவும் முன்பே நிறுத்தப்பட்டது.

இதில் என்னைத் தலைவணங்க வைப்பது எது தெரியுமா? தான் பாதுகாப்பு ஆய்வாளரே இல்லை என்று அந்த எச்சரிக்கையிலேயே அவர் வெளிப்படையாக எழுதியிருந்தார். 'இது என் துறை இல்லை, பெரிய பெரிய நிபுணர்கள் பார்த்திருப்பார்கள், நான் யார்?' என்று அவர் நினைத்திருந்தால்? உலகத்தின் பெரிய கம்பெனிகளின் பாதுகாப்புக் குழுக்களும் விலை உயர்ந்த கருவிகளும் கோட்டைவிட்டதை, வேறு வேலையில் இருந்த ஒரு மனிதரின் 'இது சரியில்லையே' என்ற உறுத்தல் பிடித்தது. தம்பி, அந்த உறுத்தல் உனக்கும் வருகிறது. நேற்றுவரை உடனே வந்த லாகின் இன்று இழுக்கிறது என்று உனக்குத் தெரிகிறது. ஹோஸ்ட் கீ மாறிவிட்டது என்று பெரிய எழுத்தில் எச்சரிக்கை வரும்போது உனக்குள் ஏதோ நெருடுகிறது. அதைத் தட்டிக்கழித்து, பழைய வரியை அழித்துவிட்டு, 'யெஸ்' அடித்துப் போகாதே. சர்வரை யாராவது மறுபடி நிறுவினார்களா என்று விசாரி. நிறுவியிருந்தால் பழைய கீயை நீக்கு. நிறுவவில்லை என்று பதில் வந்தால் அப்படியே நிறுத்து, மேலே தெரிவி. உன் சந்தேகத்துக்கு மரியாதை கொடு. சின்ன வேலையில் இருக்கிறவனின் சந்தேகம் சின்னதாகிவிடாது.

யாரிடமும் கேட்கவே கூடாது என்று சொல்கிறேனா? இல்லவே இல்லை. தெரியாததைக் கேட்பதில் ஒரு வெட்கமும் வேண்டாம். ஆனால் 'சார், லாகின் ஆகலை' என்று வெறுங்கையோடு போய் நிற்காதே. 'அண்ணா, 22-ல் பதில் வருகிறது, கீ கொடுக்கப்படுகிறது, சர்வர் லாகில் இந்த வரி இருக்கிறது, இதுவரை இதையும் இதையும் பார்த்துவிட்டேன்' என்று போ. உனக்கு உதவுகிறவர் உன்னை அன்றிலிருந்து வேறு கண்ணால் பார்ப்பார். பல முறை அப்படி எழுதிக்கொண்டிருக்கும்போதே விடை உனக்கே அகப்பட்டுவிடும். அனுப்பத் தேவையே இருக்காது.

இன்று ஷிப்ட் முடிந்ததும் உன் லேப்டாப்பில் ஒரு விர்ச்சுவல் மெஷின் போடு. விர்ச்சுவல்பாக்ஸும் இலவசம், டெபியனும் இலவசம். எஸ்எஸ்ஹெச், விஎன்சி, எக்ஸ்ஆர்டிபி எல்லாவற்றையும் ஓடவிடு. பிறகு ஒவ்வொன்றாக நீயே வேண்டுமென்றே உடை. ஹோமுக்கு 777 கொடு. எக்ஸ்ஸ்டார்ட்அப்பின் இயக்கும் அனுமதியை எடு. ஃபயர்வாலில் 22-ஐ அடை. டிஸ்க்கை நிரப்பு. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் தள்ளி வை. ஒவ்வொரு முறையும் திரையில் என்ன வந்தது, லாகில் என்ன எழுதியது, எதைத் தொட்டதும் சரியானது என்று ஒரு நோட்டில் தமிழிலேயே எழுது. அந்த நோட்டு நிறையும்வரை நிறுத்தாதே.